துண்டுக்கு வெளியே சொன்ன சொல்

அத்தியாயம் பதினான்கு

மாட்டுத் தரகர் கன்னையா தன் வாழ்நாளில் இரண்டே இரண்டு பேரங்களைத்தான் துண்டு போடாமல் வாய்விட்டுப் பேசி முடித்திருக்கிறார். ஒன்று, அவருடைய சொந்தக் கல்யாணம். அதில் ஏமாந்தது யார் என்று அவருக்கும் மாரியாயிக்கும் இருபத்திரண்டு வருஷமாக வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. மற்றது, மூத்த மகள் வள்ளியம்மாவுக்கு மாப்பிள்ளை பேசியது.

ரப்பர் விலை விழுந்த வருஷத்தில், செந்தூலில் இரண்டு கடை வைத்திருந்த ஒருவரைத் தள்ளிவிட்டு, ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு டிரங்குப் பெட்டியும் மட்டுமே வைத்திருந்த வாத்தியார் ராதாகிருஷ்ணனை அவர் எப்படி வளைத்துப் பிடித்தார் என்பதுதான் நமக்குத் தெரியுமே. அந்த இரண்டு கடைகளும் அப்புறம் மூடிக்கொண்டன. கன்னையா அதைச் சொல்லிக்காட்டாத தீபாவளி இல்லை. தனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால், எழுத்துத் தெரிந்தவர்களைக் கண்டால் அவருக்கு ஒரு மயக்கம்.

அந்த மயக்கத்தில்தான் பதினோரு வயது இளைய மகள் சீதாலெட்சுமியையும் மாப்பிள்ளையின் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார். வீட்டில் "அத்தான்", பள்ளிக்கூடத்தில் "சார்". இந்த ஒரு ஏற்பாட்டைத் தவிர வேறு சிரமம் வராது என்று நினைத்தார்.

போன புதன்கிழமையிலிருந்து சீதா பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்றாள். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். வலி பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சரியாகப் போனது. கிள்ளான் ரயில்கூட அத்தனை ஒழுங்கில்லை. கன்னையாவுக்குச் சந்தேகம் வந்தது, கேட்டுப் பார்த்தார், பதில் வரவில்லை. போன வாரம் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

இன்று திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வருகிற நாள்.

* * *

பிரிக்பீல்ட்ஸ் ரயில் லைனுக்குப் பின்னால், ஆற்றோரமாக இருந்தது மாட்டுப்பட்டி. காலை ஏழு மணிக்கே ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். வாங்குகிறவர்கள் இரண்டு பேர்; மற்றவர்கள் வேடிக்கை.

விற்பனைக்கு நின்றது ஒரு செவலைக் கிடாரி. சொந்தக்காரர் ஒரு ரயில்வே கிராணி; ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். அவருக்கு ஈப்போவுக்கு மாற்றலாகி, நாளைக் காலை ரயில். இன்று சாயங்காலத்துக்குள் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். கிடாரி நல்ல சாதி, நல்ல மடிக்கட்டு. ஒரே ஒரு குறை. பின்னங்கால் ஒன்று நடையில் கொஞ்சம் இழுத்தது.

கிள்ளானிலிருந்து வந்திருந்த பால்காரர் பழனியப்பன் கையை நீட்டினார். கன்னையா தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டார்.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டு விலையைத் தரகர்கள் வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். குறை இருந்தால், கை துண்டுக்குள் இருக்கும்போதே வாங்குகிறவன் காதில் சொல்வார்கள். மறைப்பது கிடையாது. மறைத்து விற்ற தரகனிடம் மறுபடி யாரும் கை நீட்டமாட்டார்கள். ஆனால் ஊர் கேட்கச் சொல்வதும் கிடையாது. பட்டியில் ஒரு குறையை உரக்கச் சொல்லிவிட்டால் அது அந்த ஒரு பேரத்தோடு நிற்காது. அடுத்தவன் கேட்பான், அவனுக்கு அடுத்தவனிடம் சொல்வான், கடைசியில் கசாப்புக்காரனைத் தவிர அந்த மாட்டின்மேல் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

கன்னையா காலைப் பற்றிப் பழனியப்பன் காதில் சொன்னார். பழனியப்பன் விலையைக் குறைத்து ஒரு விரலை விட்டார். கன்னையா அதை மறுபடி பிடித்தார். பழனியப்பன் சிரித்தார். இன்னும் அரை நிமிஷம். அவ்வளவுதான்.

அப்போதுதான் சீதா அப்பாவுக்குக் கோப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். தகர டம்ளரைக் கட்டையின் மேல் வைத்தாள். கிடாரியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இது தேறாது" என்றாள்.

உரக்கத்தான் சொன்னாள். அவள் குரலே இல்லை அது. கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. சாக்குக்கட்டியை மேஜையில் வைக்கிற மாதிரி, சொல்லை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற குரல். எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று கன்னையா யோசிப்பதற்குள், துண்டுக்குள் இருந்த கை போய்விட்டது.

"என்ன அண்ணே, உன் மகளே சொல்லிப்புட்டா?"

"சின்னப் புள்ள. என்னமோ ஒளறுது. நீ கையக் குடு."

"தரகர் வீட்டுப் புள்ள ஒளறாது அண்ணே." பழனியப்பன் சுற்றி நின்றவர்களைக் காட்டினார். "நீ காதுல சொன்னே, நான் வெலையக் கொறைச்சேன். அது நம்ம ரெண்டு பேரு கதை. இப்ப இத்தனை பேரு கேட்டுட்டானுங்க. நாளைக்கு இத நான் கிள்ளான்ல கொண்டுபோய்க் கட்டினா, தேறாத மாட்டுப் பால ஊத்துறான்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். எனக்கு எதுக்கு லா இந்த வம்பு?"

சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கூட்டமும் அவர் பின்னாலேயே கலைந்தது. வேடிக்கை முடிந்துவிட்டால் யாரும் கோப்பிக்காக நிற்பதில்லை.

கன்னையா கையை ஓங்கினார். சீதா ஒதுங்கவில்லை. ஒதுங்காத பிள்ளையை அடிக்க அவருக்கு வரவில்லை.

"யாருடி உனக்கு இந்தப் பேச்சச் சொல்லிக் குடுத்தது?"

"அத்தான்."

"மாப்பிள்ளையா? அவரு எப்ப இந்தப் பக்கம் வந்தாரு? எப்ப இந்தக் கிடாரியப் பாத்தாரு?"

"கிடாரிய இல்லப்பா" என்றாள் சீதா. "என்னைய."

* * *

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. கன்னையா அவசரப்படுத்தவில்லை. முரண்டு பிடிக்கிற காளையிடம் கயிற்றைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, வேறு பக்கம் பார்ப்பதுபோல நின்று பழகியவர் அவர்.

போன செவ்வாய்க்கிழமை. இன்ஸ்பெக்டர் வருகிறாரென்று ராதாகிருஷ்ணன் எல்லாரையும் ஒருமுறை வாசிக்கவைத்துப் பார்த்தான். வாசித்தவர்கள் முன்வரிசை. திணறியவர்கள் சுவரோரம். சீதாவின் முறை வந்தது. இரண்டாவது வரியில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அங்கேயே நின்றாள். ராதாகிருஷ்ணன் புத்தகத்தை மூடினான்.

"இது தேறாது. போய்ச் சுவரோரமா உக்காரு."

அவ்வளவுதான். பிரம்பு இல்லை, திட்டு இல்லை.

"எத்தனை பேரு முன்னாடி?" என்று கேட்டார் கன்னையா. தரகனுக்கு முதலில் அதுதான் தெரியவேண்டும்.

"எல்லாரும் இருந்தாங்க. முப்பத்தெட்டுப் பேரு."

"அப்புறம்?"

"அன்னிக்குப் பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள என் பேரே அதாயிடுச்சு. ‘தேறாதவளே, தள்ளி நில்லு.’ ‘தேறாதவளே, தண்ணி மோந்து குடு.’" சீதா டம்ளரின் விளிம்பைத் தேய்த்தாள். "எனக்கு எழுத்தெல்லாம் தெரியுதுப்பா. வாயத் தொறந்தா அந்தச் சொல்லு முன்னாடி வந்து நிக்குது. அத நகத்திட்டு வாசிக்க முடியல."

கன்னையா கிடாரியைப் பார்த்தார். இந்தத் தொழிலில் அவர் கண்ட ஒரு சங்கதி உண்டு. ஒரு மாட்டை எல்லாரும் பார்க்கத் தள்ளிவைத்து, மூன்று நாள் யாரும் கை வைக்காமல் விட்டால், நாலாம் நாள் அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். ரோமம் சாம்பல் பூக்கும். அப்போது பார்க்கிறவன், சொன்னது சரிதான் போலிருக்கிறது என்பான். சொன்னதால் அப்படி ஆயிற்று என்று ஒருத்தனும் நினைக்கமாட்டான்.

கோப்பி ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தார்.

"வா வீட்டுக்கு. பாவாடைய மாத்து. பள்ளிக்கூடம் போறோம்."

* * *

"அதெல்லாம் முடியாது" என்றாள் மாரியாயி.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து வாசலை மறித்து நின்றாள். கன்னையாவின் வீட்டில் பேரத்துக்கு மசியாத ஒரே ஆள்.

"மாப்பிள்ளையப் போயி கேக்கப்போறீங்களா? வள்ளி ஆறு மாசப் புள்ளத்தாச்சி. அங்க ஒரு சொல்லு தடிச்சா இங்க நான் சோறு தின்ன முடியுமா?"

"கேக்கப் போகல. பேசப் போறேன்."

"உங்களுக்கு அது ரெண்டும் ஒண்ணுதான்."

"இன்னிக்கு வாசிக்கலன்னா அஞ்சாம் வகுப்புக்குப் பேரு போகாது, மாரி."

"போகாட்டிப் போகட்டும். நேத்து மாப்பிள்ளையே ஆள்விட்டுச் சொன்னாரு, இன்னிக்குச் சீதாவ அனுப்ப வேணாம்னு."

கன்னையா அப்படியே நின்றார். "இத நீ எங்கிட்ட சொல்லல."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? இப்பப் பண்றதத்தானே?" மாரியாயி குரலைத் தணித்தாள். "வராதுன்னா விட்டுடுவோம்ங்க. பாலு கறக்கக் கத்துக்கட்டும். நான் படிச்சா வந்தேன்?"

சீதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த மாரியாயி கரண்டியை வைத்துவிட்டு, மகளை இழுத்து உட்காரவைத்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டினாள். இரண்டு முடிச்சு. அவிழவே கூடாது என்கிற மாதிரி.

"போறதுதான் போறீங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. "அந்த மாட்டுத் துண்டையாவது மாத்திக்கிட்டுப் போங்க."

கன்னையா மாற்றவில்லை.

* * *

பள்ளிக்கூடம் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரே நீளக் கூடம். அதன் பின்னால் வாத்தியார் குவார்ட்டர்ஸ். துரை பத்து மணிக்கு வருகிறார். இப்போது எட்டரை. ராதாகிருஷ்ணன் கோட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டு, மற்றக் கையைத் தேடிக்கொண்டிருந்தான். மாமனாரையும், அவர் பின்னால் ரிப்பனையும் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிட்டான்.

"வாங்க மாமா. என்ன இந்த நேரத்துல... வள்ளி, மாமா வந்திருக்காரு, பாரு. கோப்பி போடு."

"கோப்பி ஆச்சு. மாப்பிள்ளை, கையக் கொஞ்சம் குடுங்க."

ராதாகிருஷ்ணன் புரியாமல் கையை நீட்டினான். கன்னையா அதன்மேல் துண்டைப் போட்டுப் பிடித்துக்கொண்டார். சாக்குக்கட்டித் தூள் ஒட்டிய கை. ஜில்லென்று இருந்தது. பாவம், துரைக்குப் பயந்த கை என்று நினைத்துக்கொண்டார், ஆனால் விடவில்லை.

"எங்க தொழில்ல குறைய இப்படித்தான் சொல்லுவோம்" என்றார் அவன் காதருகில். "போன செவ்வாக்கிழமை எம் பொண்ணப் பத்தி ஒரு குறை சொன்னீங்களாம். இப்படிச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். நீங்க பட்டியில சொல்லிட்டீங்க."

ராதாகிருஷ்ணன் சீதாவைப் பார்த்தான். அவள் சுவரில் ஓடிய எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே சட்டம். மச்சினிங்கிறதுக்காக நான் இவள விட்டுக்குடுத்தா, வாத்தியார் வீட்டுப் புள்ளைக்கு ஒரு நியாயம், ஊரான் புள்ளைக்கு ஒரு நியாயம்னு பேசுவாங்க."

"அதுக்குப் பயந்து இவளுக்கு ஒரு பிடி கூடவே போட்டுட்டீங்க."

ராதாகிருஷ்ணன் கையை இழுத்துப் பார்த்தான். மாடு பிடித்த கையிலிருந்து அப்படி எளிதில் வந்துவிடுமா?

"கடுமையாச் சொன்னாத்தான் மாமா ரோஷம் வரும். என் வாத்தியார் என்னைய ‘மண்ணு’ன்னுதான் கூப்பிட்டாரு. மூணு வருஷம். நான் படிச்சு வரலையா?"

"அவரு சொன்னதால படிச்சீங்களா, மாப்பிள்ளை? இல்ல, அவரு சொல்லியும் படிச்சீங்களா?"

அடுப்படியிலிருந்து வள்ளியம்மா எட்டிப் பார்த்தாள்.

"தூக்கத்துல இன்னும் அந்த வாத்தியாருக்குப் பதில் சொல்லிக்கிட்டுத்தான்ப்பா இருக்காரு" என்றாள். "‘தெரியும் சார், தெரியும் சார்’னு."

"வள்ளி!"

"நான் பொய்யா சொல்றேன்?"

ராதாகிருஷ்ணனின் காது சிவந்துவிட்டது. கன்னையா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வெட்கப்படும்போது மாமனார் வேறு எங்காவது பார்ப்பதுதான் மரியாதை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க?" என்றான் ராதாகிருஷ்ணன் கடைசியில்.

"பட்டியில சொன்னதுக்குப் பட்டியிலேயே வேற சொல்லு சொல்லணும். இன்னிக்கு, துரை முன்னாடி."

"சரி. ‘பரவாயில்ல, முயற்சி பண்ணு’ங்கிறேன்."

"வேணாம் மாப்பிள்ளை. அது நொண்டி மாட்டத் தடவிக்கிட்டே சொல்ற சொல்லு. வாங்க வந்தவன் உஷாராயிடுவான்."

"‘நீ கண்டிப்பா தேறிடுவே’ன்னு சொல்றேன்."

"அது பொய்யி. பொய் சொல்லி வித்தது மறுநாளே கயித்தோட திரும்பி வரும்."

"பின்ன என்னதான் மாமா சொல்லச் சொல்றீங்க?"

நாற்பது வருஷத் தொழிலில் முதல் தடவையாகக் கன்னையாவுக்கு விலை தெரியவில்லை. எது கூடாது என்று அவருக்குத் தெரியும். எது வேண்டும் என்று தெரியவில்லை. அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தாயி. என்ன சொல்லணும் உனக்கு?"

சீதா எறும்பை விட்டாள். மாமனாரும் மருமகனும் ஒரே துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு தன் வாயைப் பார்ப்பது அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

"எதுவும் சொல்ல வேணாம்" என்றாள். "நான் தப்பா வாசிச்சா அந்த வார்த்தைய மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதும். என்னையப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம்."

"முன்வரிசை?" என்றார் கன்னையா, கிடைக்கிற நேரத்தில் கூட்டிக் கேட்டுவிடும் பழக்கத்தில்.

"எங்க உக்காந்தா என்னப்பா? புத்தகத்துல அதே எழுத்துத்தானே?"

துண்டுக்குள் ராதாகிருஷ்ணனின் கை ஒருமுறை இறுகியது. பேரம் முடிந்தால் அப்படித்தான் இறுக்குவார்கள் என்பது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ. கன்னையா அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு துண்டை உருவித் தோளில் போட்டார்.

* * *

துரை பத்தேகாலுக்கு மோட்டார் காரில் வந்தார். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. கூடவே அவருக்கு மொழிபெயர்க்க, தங்க விளிம்புக் கண்ணாடி போட்ட தமிழ் உதவியாளர் ஒருவர். துரையைவிட உதவியாளருக்குத்தான் முறைப்பு அதிகம்.

கன்னையா வெளியே ஜன்னலோரம் நின்றார். உள்ளே முப்பத்தெட்டுப் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை வாசித்தது. தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தது. இரண்டு பையன்கள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்ததைத் துரை கவனித்தாரோ என்னவோ, கப்பல் படம் கவிழ்ந்து கிடந்ததை வைத்துக் கன்னையா கவனித்தார்.

உதவியாளர் சுவரோரத்தைக் காட்டினார்.

"அந்தச் சிவப்பு ரிப்பன். எந்திரி."

சீதா எழுந்தாள். கப்பல் பாடம். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில், போன செவ்வாய்க்கிழமை நின்ற அதே இடத்தில், நின்றுவிட்டது. கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சீதாவின் உதடுகள் மட்டும் அசைந்தன.

உதவியாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, இது மக்குப் பிள்ளையா?"

ராதாகிருஷ்ணன் வாயைத் திறந்தான். அந்தப் பழைய சொல் அவன் நாக்கு நுனிவரை வந்து நிற்பது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. துரை முன்னால் வாத்தியார் தப்பிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. தன்மேல் பழி வராது. பிள்ளைமேல் போட்டுவிட்டால் முடிந்தது.

"இல்லீங்க ஐயா" என்றான் ராதாகிருஷ்ணன். குரல் கொஞ்சம் உடைந்தது. "அந்தச் சொல்லு நீளம். சீதாலெட்சுமி, அது ‘கலங்கரை.’ அதுக்கு மேல வாசி."

சீதா அந்தச் சொல்லின் கீழே விரலை வைத்தாள்.

"கலங்கரை..." என்றாள் சீதா. மூச்சு விட்டாள். "கலங்கரை விளக்கின் ஒளியைக் கண்ட மாலுமிகள்..."

தண்ணீர் ஓடுகிற மாதிரியெல்லாம் இல்லை. கல்லுப் பாதையில் கட்டைவண்டி போகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லிலும் ஏறி இறங்கி, ஆனால் நிற்காமல் போய்க் கடைசி முற்றுப்புள்ளியில் சேர்ந்தது. கன்னையா தன் கையைப் பார்த்தார். துண்டின் முனை முறுக்கேறிக் கயிறாகியிருந்தது.

துரை ஏதோ சொன்னார். உதவியாளர் தன் தடித்த நோட்டில் சீதாவின் பெயருக்கு எதிரே எழுதினார். ஒரு வரி இல்லை, இரண்டு வரி. மற்ற யாருக்கும் அவர் இரண்டு வரி எழுதவில்லை. ராதாகிருஷ்ணன் எட்டிப் பார்த்தான். உதவியாளர் நோட்டை மூடிவிட்டார்.

"வியாழக்கிழமை நீங்க ஆபீசுக்கு வாங்க, வாத்தியாரே. தனியாப் பேசணும்."

நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அந்த முகத்திலிருந்து விலை போட முடியவில்லை.

திரும்பும் வழியில் சீதா கேட்டாள்: "அப்பா, சுவரோரமா என் பக்கத்துல இன்னும் அஞ்சு பேரு இருந்தாங்க. அவங்கள யாரும் கூப்பிடவே இல்ல."

"ம்."

"அவங்கப்பா யாரும் வரல."

அந்த அப்பாமார்கள் இந்நேரம் ரயில் தண்டவாளத்தில் கல் கொட்டிக்கொண்டிருப்பார்கள். நல்ல பேரம் முடித்தேன் என்று நினைத்துக்கொண்டு வந்த கன்னையாவுக்கு, தன் மகள் ஒருத்திக்குத்தான் பேசினோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

* * *

பட்டியில் தம்புசாமி நின்றுகொண்டிருந்தார்.

கசாப்புக் கடைகளுக்கு மாடு பிடித்துக் கொடுக்கிறவர். கெட்டவர் இல்லை, நல்ல நாளில் வெற்றிலைகூடக் கொடுப்பார். ஆனால் அவர் வந்து நின்றால் மாடுகளே ஒரு பக்கமாக ஒதுங்கும். தோளில் புதுக் கயிறு.

"என்ன கன்னையா, செவலை தேறாதாமே?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. பழனியப்பன் ஸ்டேஷன்ல நாலு பேருகிட்ட சொன்னானாம். அவனுக்கு உன் பொண்ணு சொன்னாளாம்." தம்புசாமி கிடாரியின் முதுகைத் தட்டினார். "கிராணியப் பாத்தேன். அவருக்குக் காலையில ரயிலு. வேற ஆளு வரலன்னா அஞ்சு மணிக்கு வந்து புடிச்சுக்கன்னாரு. நீ வருத்தப்படாதே, உன் தரகு உனக்கு வந்துரும்."

கயிற்றைக் கட்டையில் மாட்டிவிட்டு, வெற்றிலைக் கடைப் பக்கம் போய்விட்டார்.

சீதா நின்ற இடத்திலேயே நின்றாள். செவலை அவளை அடையாளம் கண்டுகொண்டு மூக்கை நீட்டியது. காலையில் யார் என்ன சொன்னார்கள் என்று அதற்குத் தெரியாது. அவள் பாவாடையை முகர்ந்து, ரிப்பனை நக்கப் பார்த்தது.

"அப்பா, நான் சும்மாதான்ப்பா சொன்னேன்."

"மாப்பிள்ளையும் சும்மாதான் சொன்னாரு."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று கன்னையாவுக்குத் தோன்றியது. சீதா அழவில்லை. கட்டையில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். ரயில் லைனைப் பார்த்தாள்.

"அந்தப் பால்காரர் வீடு கிள்ளான்ல எங்க இருக்கு?"

"ஸ்டேஷனுக்குப் பின்னால. ஏன்?"

"இப்ப ரயில் இருக்குல்ல?"

"ஒண்ணரைக்கு ஒண்ணு இருக்கு. அதப் புடிச்சாலும் அஞ்சு மணிக்குள்ள திரும்புறது கஷ்டம்." கன்னையா மகளை உற்றுப் பார்த்தார். "போயி என்ன சொல்லுவே? தேறும்னா? அந்தாளு நம்ப மாட்டான். கால் இழுக்குதுதானே?"

"இழுக்குது."

"பின்ன?"

"கால் மட்டும்தான் இழுக்குதுன்னு சொல்லுவேன்" என்றாள் சீதா. நுனிக்காலில் எம்பி, அப்பாவின் தோளிலிருந்த துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அது அவள் முழங்கால்வரை தொங்கியது.